ரேடியேட்டர் வைத்த விமானம்

வாங்க தம்பி, இப்படி நெழலுக்கு வந்துருங்க. காரை வெளியிலயே நிறுத்துனது நல்லதாப் போச்சு. தென்னைக்கு அடியில விட்டா காய் உழுந்து கண்ணாடி போயிரும். ஜெபராஜுங்களா பேரு? எங்கூட்டுக்காரரு சொன்னாரு. சொந்த ஊரு நாகர்கோயில், பெங்களூர்ல வேலை, விளம்பரம் பாத்துட்டு விமானம் பாக்க வர்றாருன்னு. நான் அவரு சம்சாரம், துளசிமணி.

அவரு இல்லீங்க. தாராபுரத்துல அவரு அக்கா ஊட்டுக்குப் போயிருக்காரு. அங்க ஒரு விசேசமும் இல்ல. விக்கறதைக் கிட்ட இருந்து பாக்க முடியாதாமா. "நீயே காட்டு, நீயே பேசு, உனக்கு என்ன தோணுதோ அதைச் செய்யி அம்மிணி"ன்னு சொல்லிப்போட்டு வெடியக்காலமே பஸ் ஏறிட்டாரு. பொண்ணைக் கட்டிக்குடுத்த அன்னிக்குக்கூடப் பந்தியில நின்னு ரசம் ஊத்துனவருங்க. இந்த வண்டியை விக்கறதுக்கு ஓடி ஒளியறாரு.

எனக்கு அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்ல. எப்ப இது கெளம்பும், எப்ப ஷெட்டு காலியாகும்னு இருக்கறேன். தேங்கா போட எடமில்லாம வாசல்ல குமிஞ்சு கெடக்குது பாருங்க. இன்னிக்கே கொண்டு போனாலும் சந்தோசந்தான். ஒரு நிமிசம், செருப்பை வெளிய விட்டுருங்க. உள்ள தூசி ஆகாது.

இதாங்க. நல்லாச் சுத்திப் பாருங்க. ரெண்டு பேரு உக்காரலாம். ரெக்கை மேல இருக்கறதனால எறங்கும்போது கீழ நல்லாத் தெரியும். ரெக்கைத் துணியெல்லாம் போன வருசம் மாத்துனது. கண்ணாடியைத் தொடாதீங்க தம்பி, விரல் பட்டா தொடைக்கறது எனக்கு வேலை. அதுக்குன்னு மெதுவான துணி தனியா வச்சிருக்கறேன், எல்லாத் துணியும் ஆகாது, கீறல் உழுந்துரும்.

உள்ள ஏறி உக்காந்து பாத்தாச்சுங்களா, இப்ப மூக்குல எட்டிப் பாருங்க. ஆமாங்க, ரேடியேட்டர். விமானத்துக்கு எதுக்குடா ரேடியேட்டர்னு எல்லாரும் இந்த எடத்துலதான் கேப்பாங்க. விளம்பரத்துலயே போட்டிருந்தாரே, எஞ்சின் மாத்துனதுன்னு. முதல்ல இதுல இருந்தது விமானத்துக்குன்னே செஞ்ச சின்ன எஞ்சின். அதுக்கு ஆயுசு முடிஞ்சதும் கழட்டிப்போட்டு, ஓசூர்ல ஒரு பல் டாக்டரு கார் எஞ்சினை ஏத்திட்டாரு. கார் எஞ்சின் நெம்ப வேகமாச் சுத்தும். முன்னால இருக்கற காத்தாடி அந்த வேகத்துல சுத்துனா ஆகாது. அதனால நடுவுல ஒரு கியர் பெட்டி, வேகத்தைக் கொறைச்சு அனுப்பும். இதெல்லாம் அவரு ஓயாம பேசிப் பேசி என்ர காதுல உழுந்ததுதான். எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எண்ணெய் மாத்தறது, வடிகட்டி மாத்தறது, ஹோஸ் கிளிப்பை முறுக்கிப் பாக்கறது, அதோட சரி.

உக்காருங்க, அந்த ஸ்டூல்ல. வேலை செய்யற பொண்ணுகிட்டக் காபித்தண்ணி வச்சுக் கொண்டாரச் சொல்லியிருக்கேன். இது எப்படி எங்ககிட்ட வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான உங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும். பழைய பொருள் வாங்கறவங்க அதையெல்லாம் கேட்டுக்கோணும்.

எங்கூட்டுக்காரரு திருமூர்த்திக்கு ஒரு சீக்கு இருக்குதுங்க. எதுக்குள்ள எது இருக்கோணுமோ அது இருந்தா மனுசனுக்குத் தூக்கம் வராது. கல்யாணமான புதுசுல எங்க மாமனாரோட அம்பாசிடர் காருல பெட்ரோல் எஞ்சினைக் கழட்டி டீசல் எஞ்சினை வச்சாரு. அது சரி, அன்னிக்கு ஊரே வச்சுது. பொறவு டீசல் பம்புசெட்டு எஞ்சினைக் கொண்டு போயி மருந்தடிக்கற வண்டியில வச்சாரு. அதுல இருந்த பெட்ரோல் எஞ்சினைக் கொண்டு வந்து என்ர கிரைண்டர்ல வச்சாரு. அன்னிக்கு அரைச்ச மாவுல இட்லி சுட்டு, பெட்ரோல் வாசத்தோட அவருக்கே வச்சேன். முழுசாச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போனாரு.

பொண்ணு கல்யாணமாகி சிங்கப்பூர் போனதுக்கப்புறம் ஊட்டுல ரெண்டு பேருதான். அப்பத்தான் கோயமுத்தூர்ல ஒரு கண்காட்சி. எனக்குக் குக்கர் வாங்கத்தான் போனது. அங்க ஒரு மூலையில சின்னதா ஒரு விமானத்தை நிறுத்தி வச்சிருந்தாங்க. வித்துட்டிருந்த ஆளு வேலையத்துப்போயி இவரைக் கூப்பிட்டு மூடியைத் தூக்கிக் காட்டுனான் பாருங்க, அதான் வினை. உள்ளே நாங்க பின்னால வாங்குன பெட்ரோல் காருல இருக்கற அதே எஞ்சின். இவரு அப்படியே நின்னுட்டாரு. "அம்மிணி, நம்ம எஞ்சின் பறக்குது"ன்னாரு. அன்னிக்குக் குக்கர் வாங்காமயே ஊடு வந்து சேந்தோம்.

புதுசு கட்டாது. அதனால பழசு. பழசுலயும் கார் எஞ்சின் மாத்துனதுதான் வேணுமாமா. ஏன்னு கேட்டா, வானத்துல கோளாறானாலும் நம்ம உடுமலையிலயே பார்ட்ஸ் கெடைக்கும்ங்கறாரு. வானத்துல கோளாறானா உடுமலைக்கு எப்படீங்க வர்றதுன்னு கேட்டேன்.

அந்த வருசம் தையில ஆரம்பிச்சு ஆனி வரைக்கும் ஞாயித்துக்கெழமையானா நாங்க விமானம் பாக்கப் போனோமுங்க. ஊருக்குள்ள கேட்டா சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போறோம்னு சொல்லிருவேன். நான் எதுக்குக் கூடப் போனேன்னா, இவரை ஏமாத்துறது நெம்ப சுலபம். எஞ்சினைக் காட்டுனாப் போதும், எழுதிக் குடுத்துருவாரு. ஒரு நெதானமான ஆளு பக்கத்துல இருக்கோணுமே. அதுக்காகத்தான் போனேன். வேற ஒண்ணுமில்ல.

இந்த மனுசன் என்னைப் பாக்க வந்தப்ப பஜ்ஜியைச் சாப்பிட்டாரு, கையைக் கழுவுனாரு, சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாருங்க. என்ர மொகத்தைப் பாத்தாரா பஜ்ஜியைப் பாத்தாரான்னு இன்னி வரைக்கும் தெரியாது. வண்டிக்கு மட்டும் கீழ படுக்கறதும், டார்ச் அடிக்கறதும், தட்டிப் பாக்கறதும், மோந்து பாக்கறதும். நானும் பாத்துட்டே நிப்பேன்.

மொத வண்டி ஒரு இஞ்சினீரிங் காலேஜுல. பசங்க படிக்கறதுக்கு வாங்கிப் போட்டது. காலேஜு தாளாளரே வெள்ளை வேட்டியோட வந்து காட்டுனாரு. "ஒரு தடவைகூடப் பறக்காதது, புதுசு மாதிரி"ன்னாரு. மூடியைத் தூக்குனா உள்ளே புறாக் கூடு. ரெண்டு முட்டை. புறா எங்களைப் பாத்துட்டு நகரவே இல்ல. தாளாளரு சிரிச்சுக்கிட்டே, "நல்ல சகுனம் சார்"ங்கறாரு. இவரு என்னைத் திரும்பிப் பாத்து, "கூட்டை எடுத்துப்போட்டா எஞ்சின் நல்லாத்தான் இருக்குது அம்மிணி"ங்கறாரு. "முட்டை பொரியட்டும், அப்புறமேலு வரலாம் வாங்க"ன்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன்.

ரெண்டாவது மைசூருக்கு அந்தப் பக்கம், ஒரு காபி எஸ்டேட்டுக்காரரோடது. அது கியர் பெட்டி வச்சதில்ல, பெல்ட்டு போட்டு வேகத்தைக் கொறைச்சது. எங்கப்பா மாவு மில்லு வச்சிருந்தாருங்க, நான் பெல்ட்டுக்கு நடுவுல வளந்தவ. அவங்க எஞ்சினைப் போட்டதுமே எனக்கு மூக்குல ஏறிருச்சு. பெல்ட்டு கருகுது. "நிறுத்துங்க, பெல்ட்டு போயிருச்சு"ன்னேன். நிறுத்திட்டு எல்லாத்தையும் கழட்டிப் பாத்தாங்க. பெல்ட்டு நல்லாத்தான் இருக்குதுன்னாங்க. பக்கத்துக் கொட்டாயில காபிக்கொட்டை வறுத்துட்டு இருந்தாங்களாமா, அந்த வாசமாமா. இருக்கும். ஆனா எனக்குத் தெரியாதுங்களா பெல்ட்டு வாசம். அந்த எஸ்டேட்டுக்காரரு மூஞ்சியைத் தூக்கிட்டு உள்ள போயிட்டாரு. நான் மட்டும் அன்னிக்கு அந்த வார்த்தை சொல்லலீன்னா இன்னிக்கு என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மூணாவதுதான் இது.

ஓசூர் பல் டாக்டரு பேரு கேசவமூர்த்தி. நல்ல மனுசன். காருல இருக்கற எஞ்சினை இவ்வளவு அழகா விமானத்துல வைக்க முடியும்னு நான் நெனைக்கல. ஒவ்வொரு பைப்பும் பல்லு வரிசை மாதிரி. இவரு கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாரு. கேக்காததையும் சொன்னாரு. "இது பழைய எஞ்சினை விடக் கனம். மலை மேல போகாதீங்க. வெயில் காலத்துல சூட்டைப் பாத்துக்கிட்டே இருங்க"ன்னு. "நல்லாத்தான இருக்குது, ஏன் விக்கறீங்க?"ன்னு நான்தான் கேட்டேன். "செஞ்சு முடிச்சுட்டேம்மா, இனி இதுல எனக்கு வேலை இல்ல"ன்னாரு. அந்த நிமிசமே எங்கூட்டுக்காரருக்கு அவரைப் புடிச்சுப்போச்சு. ரெண்டு பேரும் பங்காளிங்க மாதிரி தோள்ல கை போட்டுக்கிட்டாங்க.

ஓட்டிக் காட்டறதுக்குப் பொன்னப்பான்னு ஒருத்தரு வந்திருந்தாரு. ஏர்ஃபோர்ஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு, குடகுக்காரரு. மீசையெல்லாம் பாத்தா பயமா இருக்கும், பேசுனா கொழந்தை. இவரு அன்னிக்குன்னே புதுச் சட்டை, புது ஷூவெல்லாம் போட்டுட்டு வந்திருக்காரு. சின்ன வயசுல இருந்து காத்திருந்த மாதிரி ஒரு நிலை. பொன்னப்பா இவரை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தாரு. பொறவு டாக்டரைத் தள்ளிக் கூட்டிட்டுப் போயி என்னமோ பேசுனாரு.

வெசயம் என்னன்னா, மூக்குல கனம் ஏறுனா ஆளுல கனம் கொறையோணுமுங்க. பொன்னப்பாவும் ஆளு வாட்டசாட்டம். எங்கூட்டுக்காரரு அப்ப, நான் போட்ட சோத்துக்கு ஞாயம் பண்ணி, நல்லா இருந்தாரு. ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஏறுனா ஆகாது. பொன்னப்பா வந்து கூச்சத்தோட சொல்றாரு, "சார், நீங்க இப்ப ஏற முடியாது. அம்மா வேணா வரலாம்."

நான் எங்கீங்க வர்றது. நான் வந்தது இவரை யாராச்சும் ஏமாத்திருவாங்களான்னு பாக்க. முடியாதுன்னுட்டேன். இவருதான், "யாராச்சும் ஒருத்தர் பறந்து பாக்காம எப்படி வாங்கறது? நீ போயிட்டு வா அம்மிணி"ன்னாரு. சொல்லும்போது சிரிச்சாரு. புது ஷூ லேஸைக் குனிஞ்சு இன்னொருக்கா கட்டுனாரு.

ஏறி உக்காந்தேன். பொன்னப்பா ஒரு வேலை குடுத்தாரு. "அந்த சூட்டு ஊசியை மட்டும் பாத்துட்டே வாங்கம்மா. சேப்புக் கோட்டுப் பக்கம் வந்தா சொல்லுங்க, வேற எதையும் பாக்க வேண்டாம்." நானும் மேல போனதுல இருந்து கீழ வர்ற வரைக்கும் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கலீங்க. அதனால எனக்கு மேல எப்படி இருந்துச்சுன்னெல்லாம் சொல்லத் தெரியாது. ஓசூர்ப் பக்கம் ரோசாப்பூ கூடாரம் போட்டிருக்காங்கல்ல, வெள்ளை வெள்ளையா, மேல இருந்து பாத்தா யாரோ சலவைத் துணியைக் காயப் போட்ட மாதிரி இருக்குது. ஒரு ஏரி. ஏரியில நம்ம நெழலு போகுது. அது நம்மளோட நெழலுன்னே எனக்கு மொதல்ல தெரியல, ஏதோ பறவைன்னு நெனைச்சேன். ஒரு பள்ளிக்கூடத்துல புள்ளைங்க எல்லாம் வெளிய வந்து கையாட்டுதுங்க. கோசு காடு, ஒரு பொம்பளை தண்ணி கட்டிட்டு இருக்கறா, நிமிந்து பாக்கறா. பொன்னப்பா ஒரு பக்கமாச் சாச்சுத் திருப்புனாரு. பூமி அப்படியே எந்திரிச்சு என்ர பக்கத்துல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. அப்பவும் ஊசியைத்தான் பாத்துட்டு இருந்தேன்.

எறங்குனோம். ஓடுதளத்து ஓரத்துல இவரு நெத்தியில கையை வச்சுக்கிட்டு நிக்கறாரு. மேல போனப்ப எங்க நின்னாரோ அதே எடம். நகரவே இல்ல. கிட்ட வந்து, "எப்படி இருந்துச்சு அம்மிணி?"ன்னாரு.

அவரு மொகத்தைப் பாத்தேனுங்க. "பரவால்லீங்க"ன்னேன். "கொஞ்சம் சத்தம்"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இன்னி வரைக்கும் அதுக்கு மேல சொன்னதில்ல. உங்ககிட்டதான் இவ்வளவு சொல்றேன், வாங்கற ஆளுங்கறதனால.

ஊருக்கு வந்ததும் இவரு ராத்திரி சோத்தை நிறுத்திட்டாரு. கொள்ளு ரசம், ராகிக் களி, வெடியால வரப்பு மேல நடை. கறி ஆக்குனா மோந்து பாத்துட்டு எந்திரிச்சுருவாரு. ஊருல எல்லாரும் என்னமோ வியாதின்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. நான் வியாதிதான்னு சொல்லிட்டேன், அதான நெசம். ரெக்கையைத் தனியா, உடம்பைத் தனியாக் கழட்டி லாரியில வண்டி வந்து சேந்துச்சு. எந்தப் படத்துக்கு ஷூட்டிங்னு கேட்டு வாசல்ல கூட்டம். கடைசியில இந்தத் தென்னைக்கு நடுவுல களத்தை ஓடுதளமா நெரவி, அனுமதியெல்லாம் வாங்கி, பொன்னப்பாகிட்டப் போயி கத்துக்கிட்டு, லைசென்சும் எடுத்துட்டாரு. மொத மொதல்ல அவரு தனியாப் பறந்து எறங்குன அன்னிக்குத் தோட்டத்து மேட்டுல உக்காந்து தண்ணி குடிச்சுட்டே இருந்தாரு.

அந்தத் தண்ணிதானுங்க அவருக்குப் பிரச்சனை. நானும் ஞாயித்துக்கெழமை கூடப் போவேன். ஊசி பாக்க ஆளு வேணுமில்ல. மேல போனதும் அவருக்குத் தாகம் வந்துரும். "சித்தே புடி அம்மிணி, தண்ணி குடிச்சுக்கறேன்"னுட்டு பாட்டிலை எடுத்துருவாரு. வலது பக்கமும் ஒரு புடி இருக்குது பாருங்க, அதை நான் புடிச்சுக்குவேன். ஒரு மொடக்கு குடிக்கறதுக்கு அமராவதி டேமே வந்துரும். திரும்பறதுக்குள்ள இன்னொருக்கா தாகம். பாட்டில் மூடியைத் தொறக்க அவ்வளவு நேரம், மூட அவ்வளவு நேரம். "மூக்கு மேல போகுது பாரு, சித்தே அமுக்கு" "இப்ப எடது பக்கம் திரும்பு, மெதுவா"ன்னு குடிச்சுக்கிட்டே சொல்லுவாரு. அப்பவே சர்க்கரை இருந்திருக்குது, எங்களுக்குத்தான் தெரியல. அத்தனை தாகம் யாருக்குங்க வரும்? ஒண்ணு மட்டும் அதிசயம், கீழ எறங்குனா பாட்டில்ல தண்ணி கொறைஞ்சிருக்கவே இருக்காது.

ஆடிக்காத்துல மட்டும் எடுக்க மாட்டோம். பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற காத்து சும்மா விடாது. மத்தபடி வருசம் பூரா.

இப்பக் கோளாறைச் சொல்றேன், மறைச்சு விக்கறது பாவம். போன மார்கழியில ஒரு நாள் காலையில போனோம். திருமூர்த்தி மலைக்கு இந்தப் பக்கம், டேமைத் தாண்டித் திரும்பறோம். ஊசி ஏற ஆரம்பிச்சுது.

"ஏனுங்க, ஊசி ஏறுது."

"எங்க ஏறுது? பச்சையிலதான நிக்குது."

"பச்சையைத் தாண்டிப் போச்சுங்க."

இவரு குனிஞ்சு பாத்தாரு. மொகத்தை அந்த வட்டத்துக்கிட்டக் கொண்டு போயிப் பாத்தாரு. நிமிந்தாரு. எஞ்சினைக் கொறைச்சுட்டு, "ஊசி எங்க நிக்குதுன்னு நீயே சொல்லிட்டு வா"ன்னாரு. சொல்லிட்டே வந்தேன். நம்ம தோப்பு வந்துருச்சு. வலது பக்கம் காத்தாலை, எடது பக்கம் வாய்க்கா, நடுவுல களம், நேரா முன்னால. இவரு அப்பத்தான் கேட்டாருங்க.

"களம் எங்க இருக்குது அம்மிணி?"

தமாசுக்குக் கேக்கறாருன்னு நெனைச்சேன். அப்படி இருக்கோணும்னு நெனைச்சேன். "நேரா முன்னாலதானுங்க"ன்னேன்.

"எனக்குத் தெரியல"ன்னாரு. கொரல் அப்படியே இருந்துச்சு. சட்டைப் பையில கண்ணாடி இல்லைன்னு சொல்ற மாதிரி சொன்னாரு.

பயப்பட நேரம் எங்க இருக்குது. "நான் புடிச்சுக்கறேன், நீங்க சொல்லுங்க"ன்னேன். இவரு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. "தென்னை மட்டை தனித்தனியாத் தெரியுதா?" தெரியுதுங்க. "களத்து முனையில அந்த வெள்ளைக் கல்லு தெரியுதா?" தெரியுதுங்க. "இப்ப மூக்கைச் சித்தே தூக்கு. இன்னும். விடாத. அப்படியே இரு." சக்கரம் தரையைத் தொட்டுது. ஒரு துள்ளு, அவ்வளவுதான். நின்னதும் மூக்குல இருந்து ஆவி வருது, இட்லிக் குண்டா மாதிரி. ஹோஸ்ல கீறல் உழுந்து தண்ணி பூரா போயிருச்சு. அந்த ஹோஸ் இப்பப் புதுசு, இன்னொண்ணு கைவசம் வச்சிருக்கறேன், வண்டியோட குடுத்துருவோம்.

அவருதாங்க எறக்குனாரு. வாயால எறக்குனாரு. நான் சும்மா கையை வச்சிருந்தேன். இதை வெளிய வேற மாதிரி சொல்லிட்டுத் திரியறாரு, அதை நம்பாதீங்க. எஞ்சின் நின்னப்புறம் கீழ எறங்காம உக்காந்தே இருந்தாரு. "எத்தனை நாளா இப்படித் தெரியாம இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. உன்னையும் கூட்டிட்டுச் சுத்தியிருக்கேன்"ன்னாரு. நான் அவரு கையைப் புடிச்சேன். பொறவு, "நல்லா எறக்குன அம்மிணி"ன்னாரு. அந்த நேரத்துலயும் பேச்சுக்கு ஏதாச்சும் சொல்லோணுமே.

சர்க்கரை கண்ணுக்கு வந்துருச்சுங்க. விமானம் ஓட்டறவங்களுக்குன்னே பாக்கற டாக்டரு பெங்களூர்ல இருக்காருல்ல, அவருகிட்டப் போனோம். இவருக்கு முடியாதுன்னுட்டாரு. கண்ணுல ஊசி போட்டு இருக்கற பார்வையைக் காப்பாத்திக்கலாம், ஆனா ஓட்டக்கூடாதுன்னு. அத்தனை வருத்தத்துலயும் இவரு என்ன பண்ணுனாருன்னா, போனது போனோம்னு எனக்கும் பாக்கச் சொல்லிட்டாரு. எனக்கு எதுக்குங்க? கண்ணு, காது, நெஞ்சு, ரத்தம் எல்லாம் பாத்துட்டு அந்த டாக்டரு நல்லா இருக்கீங்கம்மான்னு அனுப்பிட்டாரு. தண்டம். பொன்னப்பா வேற நடுவுல போன் பண்ணி, "அம்மா, நீங்க வந்து சேருங்க, பாதி ஏற்கெனவே தெரியும்"ங்கறாரு. இவங்க ரெண்டு பேரும் சேந்தா இப்படித்தான் என்னைக் கேலி பண்ணுவாங்க. என்ர வயசுக்கு நான் போயி பாடம் படிக்கறதுங்களா. சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

அதுக்கப்புறந்தான் விளம்பரம் குடுத்தாரு.

காபி ஆறுது, குடிங்க. எஞ்சின் சத்தம் கேக்கோணுமா? தாராளமா. அந்தச் செவுத்துப் பக்கம் போயி நின்னுக்குங்க. காத்தாடிக்கு முன்னால யாரும் நிக்கப்படாது. சக்கரத்துக்குக் கட்டை வச்சாச்சு. நான் ஏறிப் போடறேன், இருங்க. கிட்ட வராதீங்க.

கேட்டீங்களா. மொதல்ல சித்தே இருமும், தெனமும் வெடியால அப்படித்தான். பொறவு பாத்தீங்கல்ல, ஒரே சீரு. நான் தெனமும் ஒருக்காப் போட்டுப் பாத்துருவேன். விக்கற பொருளைச் சும்மா போட்டு வைக்கப்படாது பாருங்க.

என்ன தம்பி, புடிச்சிருக்குதுங்களா? நெம்ப சந்தோசம். அவரு கேட்ட வெலைக்கே எடுத்துக்கறீங்களா? பேரம்கூடப் பேச மாட்டீங்களா? சரிங்க. சரி.

என்ன சொன்னீங்க?

எஞ்சினைக் கழட்டிருவீங்களா?

இல்ல, புரியுதுங்க. விமானத்துக்குன்னு செஞ்சதே வேணும், கனம் கொறையும், ரேடியேட்டர் தொல்லை இருக்காது. ஞாயந்தான். இதை என்ன பண்ணுவீங்க? பழைய சாமான்காரனுக்கா. ம். உங்க வண்டி, உங்க இஷ்டம். நான் என்ன சொல்ல இருக்குது.

ஆனா ஒண்ணு, நானும் வந்ததுல இருந்து பாக்கறேன். உங்களுக்கு உசரம் ஜாஸ்தி. மேல காத்து உலுக்குனா தலை இடிக்கும். உள்ள உக்காந்து பாத்தப்ப இடிக்கலைங்கறீங்க, இது தரை. அப்புறம், நீங்க வந்ததுல இருந்து ஹோஸைத் தொட்டே பாக்கல. போட்டோதான் எடுக்கறீங்க. போட்டோ எடுக்கறது தப்பில்ல. சொன்னேன். பெங்களூர்ல வெளிய நிறுத்துவீங்களா உள்ள நிறுத்துவீங்களா? வாடகைக் கொட்டாயா. யாரு தொடைப்பாங்க? ஆளு போடுவீங்களா.

இருங்க, போன் அடிக்குது. அவருதான்.

சொல்லுங்க. ஆமாங்க, வந்துட்டாரு. பாத்தாரு, எல்லாம் பாத்தாரு. காபி குடுத்தேன். இல்லீங்க, தம்பிக்குப் புடிக்கலையாமா.

சித்தே சும்மா இருங்க தம்பி, பேசிட்டு இருக்கறேன்ல.

எஞ்சின் புடிக்கலையாமா. நான் ஒண்ணும் சொல்லலீங்க, அவரேதான் சொன்னாரு. வேற எஞ்சின்தான் வேணுமாமா, அவரு பக்கம் ஞாயம் இருக்குதில்ல. கட்டாயப்படுத்த முடியுங்களா? எதுக்குச் சிரிக்கறீங்க? ஏனுங்க, எதுக்குச் சிரிக்கறீங்கன்னேன். சரி, சரி. மறுபடியும் அங்க திரும்பிப் போயி சோத்துக்கு உக்காந்துறாதீங்க, உங்கக்கா சர்க்கரையைப் பாக்காம பாயசம் ஊத்திருவாங்க. வாங்க. வெக்கறேன்.

சிரிக்கறாருங்க. விக்கலைன்னு சொன்னா மனுசன் சிரிக்கறாரு. ஏற்கெனவே பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கறாராமா, அடுத்த பஸ்ஸுக்கு வந்துருவாராமா. வர்ற வழியில பொன்னப்பாவுக்குப் பேசோணுமாமா. எதுக்குன்னு கேட்டா வந்து சொல்றேங்கறாரு. அவருக்கு எதையும் நேராச் சொல்ல வராது.

மொகத்தை அப்படி வச்சுக்காதீங்க தம்பி. நீங்க நல்ல புள்ளை, உங்களுக்கு நல்ல வண்டியா அமையும், நீங்க கேக்கற எஞ்சினோடவே அமையும். எங்கயாச்சும் இருந்தா நானே விசாரிச்சுச் சொல்றேன். இப்ப சாப்பிட்டுட்டுத்தான் போகோணும். நாட்டுக்கோழி அடிச்சிருக்குது, அவருக்கும் உங்களைப் பாத்த மாதிரி இருக்கும்.

அந்த ஷெட்டுக் கதவைச் சித்தே தள்ளிக் குடுங்க. அந்தப் பக்கம் புடிங்க. மெதுவா தம்பி, மெதுவா. வண்டிக்கு அதிர்ச்சி ஆகாது.